போட்டுக்குக் காப்புறுதி எடுக்குமுன் சங்கம் ஒருமுறை கூட வேண்டும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கடற்றொழில் கூட்டுறவுச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்களுக்கு,

வணக்கம். முஸ்லிம் சகோதரர்களுக்கு என் ஸலாம்.

வாகரையிலிருந்து பொத்துவில் வரை கரையில் ஏற்றிக் கிடக்கிற சின்னப் போட்டுகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் சங்கத்தில் யாருடைய போட் எத்தனை அடி, யார் எந்த எஞ்சின் பூட்டியிருக்கிறார், யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் கேட்டவுடன் சொல்வீர்கள். ஆனால் அவற்றில் எதற்குக் காப்புறுதி இருக்கிறது, எந்தக் கம்பனியில் இருக்கிறது, அந்தக் கம்பனி கடைசியாக யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. எங்கள் சங்கத்தில் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அந்தக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள், மாரிக்கு முன் சங்கத்தைக் கூட்டி இதை மட்டும் பேசுங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் நாவலடியில் பிறந்தவள். சுனாமிக்குப் பிறகு திராய்மடுவில் வீடு. போட் இன்னும் நாவலடிப் பக்கம்தான், வாவிக் கரையில் கட்டிக் கிடக்கும். கடலுக்குப் போகிறவர் என் கணவர். காகிதங்களோடு அலுவலகங்களுக்கு அலைகிறவள் நான். பதிவுச் சான்றிதழ், மீன்பிடி அனுமதிப்பத்திரம், லீசிங் பற்றுச்சீட்டு, எஞ்சின் வாங்கிய பில் எல்லாம் என் அலுமாரியில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கின்றன. காப்புறுதிப் பத்திரமும் அதற்குள்தான் கிடந்தது, 2019இல் கையில் கிடைத்த நாளிலிருந்து யாரும் வாசிக்காமல்.

2023 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாவி நிறைந்து முகத்துவாரம் அகலமாகத் திறந்திருந்த நேரம். உள்ளிருந்து வெள்ளம் தள்ள, வெளியிலிருந்து வாடைக் கடல் ஏற, இரண்டும் மோதுகிற இடத்தில் அலை எப்படி எழும்பும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் மணல்மேடும் ஒரே இடத்தில் இருக்காது. வலையை ஏற்றிக்கொண்டு திரும்பிய எங்கள் போட்டைப் பின்னால் வந்த அலை தூக்கி மணலில் குத்தியது. போட்டின் முன்பக்கமான அணியம் பிளந்து போட் புரண்டது. கணவரும் கூடப் போன தம்பிமார் இரண்டு பேரும் நீந்திக் கரை ஏறினார்கள். போட்டைப் பாலமீன்மடுப் பக்கம் இழுத்துப் போட மூன்று மணித்தியாலம் போனது. எஞ்சின் அவ்வளவு நேரமும் உப்புத் தண்ணீருக்குள் கிடந்தது.

"ஆக்கள் தப்பி வந்திற்றம், அது போதும்" என்றார் அவர். எனக்கும் அது போதும்தான். ஆனால் லீசிங் தவணை மாதம் தவறாமல் வரும். காப்புறுதி இருக்கிறதே என்று பிஸ்கட் டின்னைத் திறந்தேன்.

முகவருக்கு அழைத்தால் தொலைபேசி வேலை செய்யவில்லை. திங்கட்கிழமை கிளைக்குப் போனேன். அங்கே இருந்த பிள்ளை மரியாதையாகப் பேசினாள். ஆனால் அவளால் முடிந்தது, எங்கள் பெயரையும் போட் இலக்கத்தையும் கொழும்புக்கு அனுப்புவது மட்டும்தான். "எங்கட ஆள் வந்து பார்க்கும்வரைக்கும் எஞ்சினில கை வைக்க வேணாம் அக்கா" என்றாள். அந்த ஆள் வந்தது ஒன்பதாம் நாள். உப்புத் தண்ணீர் குடித்த எஞ்சினை அன்றைக்கே கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய் விட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஒன்பது நாள் விட்டால் உள்ளே துருப் பிடித்து இறுகிவிடும். வந்தவர் இறுகிக் கிடந்ததைப் பார்த்து, உரிய நேரத்தில் கழுவாததால் நட்டம் கூடிவிட்டது என்று அறிக்கையில் எழுதினார். கை வைக்க வேண்டாம் என்று சொன்னது அவர்கள்தான் என்பதற்கு என்னிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரியைக் காட்டி முதலில் எல்லாவற்றையும் மறுத்தார்கள். இரண்டு மாதம் ஏறி இறங்கிய பிறகுதான் கணக்குப் பார்க்கச் சம்மதித்தார்கள்.

மறுகா, அந்தக் கணக்கு. எஞ்சினைத் திருத்த 2 இலட்சம் ரூபாய் என்று மெக்கானிக் எழுதித் தந்தார். 2019இல் எஞ்சின் 3 இலட்சம். பத்திரத்திலும் அதே 3 இலட்சம்தான், ஒவ்வொரு ஆண்டும் அப்படியே புதுப்பித்துக்கொண்டு வந்தோம். 2022இல் நடந்தது நினைவிருக்கும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350 ரூபாயைத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து வருகிற எஞ்சினின் விலையும் அதோடு ஏறியது. எங்கள் போட் புரண்ட நேரத்தில் அதே எஞ்சின் கடையில் 6 இலட்சம். "நீங்கள் பாதிப் பெறுமதிக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறீர்கள், ஆகவே நட்டத்திலும் பாதிதான் தரலாம்" என்றார்கள். 2 இலட்சம் 1 இலட்சமானது. நட்டத்தில் முதல் 25,000 ரூபாயை நாங்களே ஏற்க வேண்டும் என்று இன்னொரு வரி இருந்தது. மிஞ்சியது 75,000. அணியத்துக்கு ஏதோ கொஞ்சம் தந்தார்கள். வலை பத்திரத்தில் இல்லவே இல்லை. பணம் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது.

பெறுமதியைக் கூட்டச் சொல்லி யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் 2022இல் கூட்டியிருக்க மாட்டோம் என்பதையும் உண்மையாகச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. கடலுக்குப் போவதா வேண்டாமா என்று இருந்த வீட்டில், காப்புறுதிக் கட்டணம் ஆயிரம் ரூபாய் கூடினாலும் பெரிசுதான்.

அந்தப் பத்திரத்தை நானும் மூத்த மகளும் மூன்று இரவு அகராதியோடு இருந்து வாசித்தோம். எல்லாம் ஆங்கிலம், எறும்பு எழுத்து. பாதிப் பெறுமதிக்குப் பாதி நட்டஈடு என்கிற விதி அதில் இருந்தது. அது அந்தக் கம்பனி மட்டும் கண்டுபிடித்த விதியும் இல்லை, காப்புறுதித் தொழிலில் எங்கும் உள்ள விதி. நான் கையெழுத்துப் போடுமுன் என்னிடம் அதை ஒரு வாய்ச் சொல்லாகச் சொல்லியிருந்தால் போதும். முகவர் சொன்னது ஒன்றே ஒன்று: "மற்றக் கம்பனியைவிட இது குறைவு அக்கா."

அந்தக் "குறைவு" என்ற சொல்லை நம்பித்தான் நம்மில் பெரும்பாலானவர்கள் கம்பனியைத் தெரிகிறோம். கட்டணம் எவ்வளவு என்று முகவரே சொல்லிவிடுவார். நட்டம் வந்த அன்றைக்கு யார் வருவார், எத்தனை நாளில் வருவார், எந்தக் கணக்கில் தருவார் என்பதை நாம்தான் கேட்டு எடுக்க வேண்டும். தனி ஒரு போட்காரர் கேட்டால் முகவர் சிரித்துப் பேசி அனுப்பிவிடுவார். நாற்பது போட் வைத்திருக்கிற சங்கம் கேட்டால் கிளை முகாமையாளரே வந்து இருந்து பதில் சொல்வார்.

முதலில் பார்க்க வேண்டியது பதிவு. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. அதில் பதிவு பெற்ற கம்பனிதான் காப்புறுதி விற்கலாம். பதிவுபெற்ற கம்பனிகளின் பட்டியலை அவர்கள் இணையத்தில் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகளின் போனில் பார்க்கலாம். போட்டுக்கு, ஆயுள் அல்லாத பொதுக் காப்புறுதிக் கம்பனி வேண்டும். ஆயுள் காப்புறுதியும் பொதுக் காப்புறுதியும் தனித்தனிக் கம்பனியாக இருக்க வேண்டும் என்று 2011இல் சட்டத்தைத் திருத்தினார்கள், பெரும்பாலான கம்பனிகள் 2015இல் பிரிந்தன. ஆகவே ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இரண்டு கம்பனி இருக்கும். ஆயுள் காப்புறுதிக்கு நல்ல பெயர் எடுத்தது போட்டுக்கும் அப்படியே இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

அப்புறம், கம்பனியிடம் பணம் இருக்கிறதா என்பது. மூலதனப் போதுமை விகிதம் என்று ஒரு கணக்கு உண்டு. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் நட்டம் வந்தாலும் தாங்குகிற அளவுக்குக் கம்பனியின் கையில் சொந்தப் பணம் இருக்கிறதா என்று காட்டுகிற எண் அது. குறைந்தது 120 சதவீதம் இருக்க வேண்டும் என்பது ஆணைக்குழுவின் விதி. ஒரு கம்பனியின் எண் வருஷக்கணக்காக அந்தக் கோட்டிலேயே தட்டிக்கொண்டு நின்றால், சூறாவளி வந்து கரை முழுவதும் ஒரே வாரத்தில் நட்டஈடு கேட்கும்போது என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். முகாமையாளர் வரும்போது அந்த எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அதையும் கொப்பியில் எழுதுங்கள்.

ஆனால் பெரிய எண் வைத்திருக்கிற கம்பனி நமக்குத் தரும் என்று அர்த்தமில்லை. அதற்குத் தருகிற சக்தி இருக்கிறது, அவ்வளவுதான். தருகிறதா என்பதைக் கம்பனியிடம் கேட்டுப் பிரயோசனமில்லை, வாங்கியவர்களிடமும் வாங்காமல் போனவர்களிடமும்தான் கேட்க வேண்டும். இதில்தான் உங்கள் சங்கங்களால் வேறு எவரும் செய்ய முடியாத ஒரு வேலையைச் செய்ய முடியும். வாழைச்சேனையில் ஒருவருக்கு எஞ்சின் களவு போயிருக்கும், களுவன்கேணியில் ஒருவருக்குப் போட் உடைந்திருக்கும், கல்முனையில் ஒருவருக்கு எரிந்திருக்கும். எந்தக் கம்பனி, நட்டம் வந்த நாள் எது, பார்க்க ஆள் வந்த நாள் எது, கேட்டது எவ்வளவு, தந்தது எவ்வளவு, மறுத்தால் என்ன காரணம் சொன்னார்கள் என்று ஒரு வீட்டுக்கு ஒரு வரி எழுதினால் போதும். இரண்டு மாவட்டத்துச் சங்கங்களும் கடந்த ஐந்தாறு ஆண்டுக் கணக்கை இப்படி எழுதி ஒன்றாக வைத்தால், எந்தக் கம்பனி மீனவனை மதிக்கிறது என்று ஒரு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். எந்த விளம்பரத்தையும் நாம் பார்க்கத் தேவையில்லை. என் வீட்டு வரியை முதல் வரியாக நான் எழுதித் தருகிறேன்.

கம்பனி ஆளிடம் கேட்க வேண்டியவை என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் சொல்கிறேன். மட்டக்களப்பு அல்லது கல்முனைக் கிளையில் எவ்வளவு தொகை வரைக்கும் அங்கேயே முடிவெடுக்கலாம்? எல்லாவற்றுக்கும் கொழும்பைப் பார்க்க வேண்டும் என்றால் ஒரு 50,000 ரூபாய் நட்டத்துக்கும் மாதக்கணக்கில் இருக்க வேண்டி வரும். நட்டத்தை மதிப்பிடுகிறவர் கிழக்கில் இருக்கிறாரா? இதற்கு முன் அவர் பைபர் போட் பார்த்திருக்கிறாரா, அல்லது கார் வான் மட்டும் பார்க்கிறவரா? ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், பொங்கலன்று போட் புரண்டால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது, அங்கே தமிழில் பேச ஆள் உண்டா? எஞ்சின் கடல் தண்ணீரில் மூழ்கினால் படம் எடுத்துவிட்டு உடனே கழுவலாம் என்று எழுதித் தருவார்களா? நட்டத்தைக் கூடவிடாமல் தடுப்பது காப்புறுதி எடுத்தவரின் கடமை என்று கம்பனிகளே சொல்கின்றன. அப்படியானால் அந்த நேரம் என்ன செய்யலாம் என்பதையும் அவர்கள்தான் எழுதித் தர வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் தருகிற கம்பனியை நான் பாதி நம்பிவிடுவேன்.

பத்திரத்தின் பெறுமதியைப் பற்றி எங்கள் கதையே போதும். ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்கும்போது எஞ்சினின் அன்றைய கடை விலையைக் கேட்டு எழுத வேண்டும். போட், எஞ்சின், வலை மூன்றுக்கும் தனித்தனித் தொகை போட வேண்டும். முழு நட்டம் வந்தால் பேசி ஒத்துக்கொண்ட தொகையைத் தருவார்களா, அன்றைய சந்தை விலையில் தேய்மானம் கழித்துத் தருவார்களா என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஐந்து வருஷப் பழைய எஞ்சினுக்குத் தேய்மானம் கழித்தால் வருகிற காசில் அதன் காற்றாடியை மட்டும் வாங்கலாம், எஞ்சின் வாங்க முடியாது.

எங்கே நடந்தால் தருவார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நம் கரைக்கு இது மிக முக்கியம். நாங்கள் முகத்துவாரத்தால் போய் வருகிறோம். வாய் கடப்பது காப்புறுதிக்குள் வருமா என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். ஒலுவிலில் 2013இல் துறைமுகம் திறந்தார்கள், அதன் வாயை மணல் மூடுகிற பிரச்சினை அங்குள்ளவர்களுக்குத் தெரியும். அந்த வாயில் தட்டினால் என்ன கணக்கு? சாய்ந்தமருது, நிந்தவூர், காரைதீவுப் பக்கம் போட்டைக் கரையில் ஏற்றி வைக்கிறார்கள், கடலோ கரையை அரித்துக்கொண்டு உள்ளே வருகிறது. இரவில் கடல் ஏறி, கரையில் கிடந்த போட்டை இழுத்துப் போனால் "கடலில் இருக்கும்போது" என்று எழுதிய பத்திரம் பதில் சொல்லுமா? எங்கள் உறவுக்காரர் ஒருவருக்கு அந்தச் சொற்களால் ஒன்றுமே கிடைக்கவில்லை. கரையிலிருந்து எத்தனை மைல் வரைக்கும் என்று எல்லை போட்டிருந்தால் அதையும் தெரிந்திருக்க வேண்டும், மீன் பத்திரத்தைப் பார்த்து ஓடாது.

களவு தனிக் கேள்வி. போட்டின் பின்னால் பூட்டுகிற வெளியிணைப்பு எஞ்சினைப் பத்து நிமிஷத்தில் கழற்றிவிடலாம். சில பத்திரங்களில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தால்தான், அதுவும் பூட்டு உடைத்த அடையாளம் இருந்தால்தான் நட்டஈடு. எஞ்சின் இலக்கம் பத்திரத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பொலிஸ் முறைப்பாடு அன்றைக்கே போட வேண்டும்.

சூறாவளி, வெள்ளம், சுனாமி என்ற சொற்களைப் பத்திரத்துக்குள் உங்கள் கண்ணால் பாருங்கள். "இயற்கை அனர்த்தம் எல்லாம் அடங்கும்" என்ற வாய்ச் சொல் வேண்டாம். 1978 நவம்பர் 23 சூறாவளி இரவை என் அம்மா இன்றும் சொல்வார், மட்டக்களப்பில் தென்னை நிற்கவில்லை, தோணி இருக்கவில்லை என்று. 2004 டிசம்பர் 26 எனக்கே தெரியும். அப்பாவின் போட்டும் வலையும் எஞ்சினும் போயின, காப்புறுதி என்ற பேச்சே அப்போது எங்கள் கரையில் இல்லை. அந்த முறை நாடு நாடாக உதவி வந்தது, போட்டுகளும் வந்தன. சில முதல் மாரியிலேயே வெடித்துப்போனாலும் கையில் ஏதோ ஒன்று இருந்தது. இனி ஒரு கடல் வந்தால் அப்படி யாராவது வந்து தருவார்கள் என்று இருக்க முடியாது.

கூடப் போகிற தம்பிமாரைப் பற்றி ஒரு வார்த்தை. போட்டுக்குக் காப்புறுதி எடுத்த பலர் ஆளுக்கு எடுக்கவில்லை. விபத்துக் காப்புறுதியைக் கூடவே சேர்க்கலாம், தனியாகக் கேட்க வேண்டும்.

நம் பக்கத்துக் குறைகளையும் மறைக்கக் கூடாது. கடற்றொழில் திணைக்களத்தின் பதிவு இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரில் இருக்கும் போட்டுகள் நம்மிடம் எத்தனையோ உண்டு. கை மாறி வாங்கி, பெயர் மாற்றாமல் ஓடுகிறோம். போட் உங்களுடையது என்று காகிதம் சொல்லாவிட்டால் நட்டம் உங்களுடையது என்று கம்பனி ஏற்காது. மீன்பிடி அனுமதிப்பத்திரம் ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது. அது காலாவதியான நாளில் விபத்து நடந்தால் மறுப்பதற்கு அவர்களுக்கு அதைவிட வேறு காரணம் தேவையில்லை. எஞ்சின் மாற்றினால் சொல்வதில்லை. முன்பு ஒரு முறை புரண்டதை விண்ணப்பத்தில் எழுதுவதில்லை, எழுதினால் கட்டணம் கூடுமே என்று. காப்புறுதியில் கேட்டதற்கு மட்டும் உண்மை சொன்னால் போதாது, கம்பனி முடிவெடுக்கத் தேவையானதைக் கேட்காமலே சொல்ல வேண்டும். மறைத்தது பிறகு தெரியவந்தால் முழுப் பத்திரமும் செல்லாமல் போகலாம். விண்ணப்பத்தை முகவர் நிரப்பட்டும் என்று வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதை இன்றோடு நிறுத்த வேண்டும். நானும் அப்படித்தான் போட்டேன்.

பணத்தை முகவரின் கையில் கொடுத்தால் கம்பனியின் பற்றுச்சீட்டு அன்றைக்கே வர வேண்டும். அவருடைய சொந்தக் கொப்பியில் எழுதித் தருவது பற்றுச்சீட்டு இல்லை. லீசிங்கில் போட் எடுக்கிறவர்கள், காப்புறுதிக் கம்பனியை லீசிங்காரர் தெரிகிறாரா நாம் தெரியலாமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பேச வேண்டும். நட்டஈடு வந்தால் அது முதலில் லீசிங் கடனுக்குத்தான் போகும் என்பதையும் தெரிந்திருங்கள். எனக்கு அது கடைசி நாளில்தான் தெரிந்தது.

காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்துச் சகோதரர்கள் சிலர் வட்டி கலக்கும் என்ற காரணத்தால் காப்புறுதியையே விட்டுவிட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வட்டி கலக்காத இஸ்லாமிய முறையான தகாஃபுல் முறையில் காப்புறுதி தருகிறவர்களும் நாட்டில் உண்டு. மேலே சொன்ன கேள்விகள் அவர்களுக்கும் பொருந்தும். அவர்கள் போட்டுக்குத் தருகிறார்களா, கிழக்கில் ஆள் வைத்திருக்கிறார்களா என்று பள்ளிவாசல் நிருவாகத்தோடும் பேசி ஒரு பதில் எடுத்தால் நிறையப் பேருக்கு உதவும்.

சரி, சங்கமாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். நாற்பது ஐம்பது போட்டை ஒன்றாகக் கொண்டுபோனால் கட்டணத்தைப் பேசிக் குறைக்கலாம். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது நிபந்தனைகள். வாடைக் காலத்தில் கடலுக்குப் போகாமல் போட்டை ஏற்றி வைக்கிற மாதங்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாம். தமிழில் பத்திரம் கேட்கலாம். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி, நாம் கட்டுகிற பணமும் மற்றவர்கள் கட்டுகிற அதே பணம். மூன்று கம்பனியை ஒரே நாளில் அழைத்து, ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, சங்கத்தின் சுவரில் ஒட்டலாம். கடற்றொழில் பரிசோதகரையும் அன்றைக்கு வரச் சொல்லலாம், பதிவும் அனுமதிப்பத்திரமும் சரியில்லாதவர்கள் அங்கேயே சரிசெய்யத் தொடங்கலாம். அன்றைக்கே எல்லாருடைய போட்டையும் எஞ்சின் இலக்கம் தெரிகிறமாதிரி திகதியோடு படம் எடுத்துச் சங்கத்தில் ஒரு பிரதி வைத்தால், பிறகு யாருடைய போட் எப்படி இருந்தது என்று வாக்குவாதப்படத் தேவை இருக்காது.

கம்பனி மறுத்தால் அதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் நம் ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். முதலில் மறுப்பை எழுத்தில், காரணத்தோடு கேட்டு வாங்க வேண்டும். கம்பனிக்குள்ளேயே மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்கும் சரிவராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார், ஒம்புட்ஸ்மன் என்று சொல்வார்கள். 2005இலிருந்து அந்த அலுவலகம் இயங்குகிறது. ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு எழுதலாம். இரவு ரயில் ஏறிக் கொழும்புக்குப் போய் வாசலில் நிற்கத் தேவையில்லை, கடிதமாக அனுப்பலாம். அந்தக் கடிதத்தை எழுதத் தெரிந்த ஓர் ஆள் ஒவ்வொரு சங்கத்திலும் இருக்க வேண்டும். நான் இந்த வழிகளைத் தெரிந்துகொண்டது 75,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டு, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்ற தாளிலும் கையெழுத்துப் போட்ட பிறகு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் கூட்டத்துக்கு வீட்டுப் பெண்களையும் வரச் சொல்லுங்கள். நம்முடைய சங்கக் கூட்டங்களில் பெண்கள் தேநீர் கொண்டுவரும்போது மட்டும்தான் உள்ளே வருகிறோம். ஆனால் பத்திரம் எங்கள் அலுமாரியில் இருக்கிறது, கடலில் ஏதும் நடந்த அன்றைக்கு கிளை வாசலில் நிற்பதும் நாங்கள்தான். எங்கள் பத்திரத்தை நானும் மகளும் தமிழில் எழுதி முடித்திருக்கிறோம், பள்ளிக்கூடக் கொப்பியில் இருபத்தொரு பக்கம். சில வரிகள் எங்களுக்கே இன்னும் விளங்கவில்லை. எந்தச் சங்கம் கேட்டாலும் அதைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டுகிறேன், விளங்காத வரிகளைக் கம்பனி ஆளை முன்னால் வைத்துக்கொண்டு கேட்போம். வாகரையானாலும் பொத்துவிலானாலும் பஸ் ஏறி வருவேன். ஐப்பசி பிறக்குமுன் ஒரு நாளைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நாவலடிக் கரையில் போட் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி,
திராய்மடு, மட்டக்களப்பு.